ஒரு நூல்

சமையலறைக்கும் ஹோலுக்கும் நடுவே நின்ற சுவரை
புர்க்டோர்ஃபில் ஒரு மழைச் செவ்வாயில் இடித்தோம்.
தூசி அடங்கப் பார்த்தால்
ஒரு பக்கம் எழுபது வருடத்து மரத்தரை, பாதி உளுத்தது,
மறுபக்கம் நான் போன வருடம் பதித்த சாம்பல் டைல்,
நடுவில் சாண் அகலத்துக்குச் சீமெந்துத் தழும்பு.

டைல் என் தொழில்.
அடுத்தவர் குளியலறைகளில்
முழங்காலில் நின்றே பதினாறு வருடம்.
அரை நூல் பிசகினாலும் பெயர்த்துத் திரும்ப ஒட்டுவேன்.
மரம், கீழ்வீட்டு ஹான்ஸ்யோர்க்கின் பாடு.
உளுத்ததைக் கழற்றிப் புது ஓக் பலகை போட்டுக்கொண்டே வந்தவன்
என் டைலுக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்தினான்.

"முட்டக் கொண்டு வா" என்றேன்.
"முட்டினால் ஆகஸ்டில் எழும்பும்" என்றான்.
அளவு பிழைத்தவன் சொல்லும் சாட்டு.
வாய்க்குள் வைத்துக்கொண்டு
கோப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

பித்தளைப் பட்டி வரப் பதினொரு நாள்.
அதுவரை திறந்தே கிடந்தது இடைவெளி.
தாளிக்கும்போது தெறித்த கடுகு போனது.
ஞானறூபனின் சட்டைப் பொத்தான் போனது.
விழுந்த பல்லைக் காட்ட ஓடிவந்த மதுஷா
தடக்கி
பல்லும் போனது.
ஹேர்பின்னை நிமிர்த்திக் கிண்டினேன்.
ஐந்து ராப்பன் வந்தது, யாருடையதோ.
பல் வரவில்லை.
எலிக்குத்தான் போட வேண்டும், தரைக்கு இல்லை என்று
பிள்ளை இரண்டு நாள் அழுதாள்.

பன்னிரண்டாம் நாள்
கோர்க்கை அழுத்தி இறக்கி, பட்டியை மேலே வைத்து,
மட்டத்தை வைத்தேன்.
குமிழி என் பக்கம் ஏறி நின்றது.
திருப்பி வைத்தேன். அங்கேயே நின்றது.
ஒரு நூல் உயரம்.
என் டைல்.

ஹான்ஸ்யோர்க் குமிழியைப் பார்த்தான்,
என்னைப் பார்க்கவில்லை.
பைக்குள் கைவிட்டு வேறொரு பட்டியை எடுத்தான்,
ஒரு பக்கம் சரிவாய் வார்த்தது.
எங்கள் தரைக்கென்றே அளந்ததுபோல்.
எப்போது வாங்கினான் என்று நான் கேட்கவில்லை.
"கோப்பி இருக்கா?" என்று அவன்தான் கேட்டான்.

ஆகஸ்ட்.
ஜன்னலெல்லாம் திறந்து போட்ட புழுக்க இரவு.
தண்ணீர் குடிக்க வெறுங்காலோடு வந்தேன்.
குதிகால் மரத்தில், விரல்கள் டைலில்,
பாதத்தின் நடுவே பித்தளை.
அடியில் கிறுக்கென்று ஒரு சத்தம்.
பிறகு இன்னொன்று, அதைவிடச் சின்னதாய்.

மரம் வருகிறது.
கடுகு நெரிந்திருக்கும்.
இருட்டுக்குள் அது பல்லைக் கடிக்கிறது,
மதுஷாவின் பல்லை.

மார்கழியில் விட்டுவிடும்.