மீதி நான்கு நாட்கள்

சூரிச். மறுகாப்பீட்டு அலுவலகம், ஐந்தாம் மாடி.
கண்ணாடிக்கு வெளியே ஏரி,
துடைத்துக் கவிழ்த்த தட்டு மாதிரி.
என் திரையில் யாகுஷிமா:
ஜப்பானின் தெற்கு ஓரம்,
கடல் விழுங்க மறந்த வட்டக் கருங்கல்.

கரையில் செம்பருத்தி, உச்சியில் பனி.
வெதுவெதுப்பான நீரோட்டத்தின் ஆவி
மலையேறுகிறது,
ஏறிய களைப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது.
மாதத்தில் முப்பத்தைந்து நாள் மழை
என்பது அங்கே பேச்சு.
எங்கள் படிவத்தில் மழைநாள் என்ற கட்டம்
முப்பத்தொன்றுக்கு மேல் ஏற்காது.

புயலுக்கு அவர்கள் எண்தான் சொல்வார்கள்.
இது பத்து.
எங்கள் வீட்டில் வெறும் காற்றுக்கே பெயர் உண்டு,
கச்சான், சோளகம், வாடை.
பெயர் இருந்ததால் அவை
மெதுவாக அடித்ததில்லை.

பத்தாம் எண் ஒரு சுகி மரத்தைச் சாய்த்தது.
ஆயிரம் வயதாகாத சுகியை அந்தத் தீவில்
சின்னது என்பார்கள்.
இது சின்னது. எழுநூறு இருக்கும்.
விழுந்தது ஹிதாகா என்பவரின் கொட்டகை மேல்,
டிசம்பர் ஆரஞ்சுக்காக அடுக்கியிருந்த
காலிக் கூடைகள் மேல்.

கூரையும் சுகிப் பலகைதான்.
நெல்லுக்கு இடம் தராத மலை;
அந்தக் காலத்தில் வரியை
மரமாகப் பிளந்து கட்டியிருக்கிறார்கள்.
வெட்டிய அடிமரங்கள் இன்னும் காட்டுக்குள்
அறை அகலத்துக்கு நிற்கின்றன.
ஆக, மரம் சொந்தக்காரன் மேல்தான் விழுந்திருக்கிறது.
இதற்குக் கட்டம் இல்லை.

"கூரைக்கு எழுது," என்றான் ரேட்டோ,
சீஸ் ரொட்டியை மென்றபடி.
"கூடைக்கு எழுது. மரம் நம் பொறுப்பில் வராது."
சரிதான். அந்த விதியை எழுதியதே நான்.
ஆனால் மாதிரிக்கென்று அனுப்பிய கோப்பில்
ஹிதாகாவின் கடிதமும் இருந்தது.
கூரை ஒரு வரி. கூடை ஒரு வரி.
மரம் ஒன்றரைப் பக்கம்.
அதில் அவர் எதுவும் கேட்கவில்லை.
எந்தப் பக்கம் சாய்ந்தது,
முறிந்த இடத்தில் என்ன வாசம்,
மறுநாள் எத்தனை மான்கள் வந்து
பட்டையை முகர்ந்துவிட்டுப் போயின.

மாற்றுச் செலவு என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.
காலியை கணினி சேமிக்காது.
பூச்சியம் போட்டேன்.
பிறகு, மழைநாள்: முப்பத்தைந்து.
சிவந்தது.
முப்பத்தொன்று.

மாலை பெல்வ்யூ நிறுத்தத்தில் தூறல்.
குடைகள் சத்தமில்லாமல் விரிந்தன;
இந்த ஊரில் மழைகூட
வரிசையில் நின்றுதான் வரும்.
கணக்கில் சேராத அந்த நான்கு நாட்களை
எங்கே இறக்கிவைப்பதென்று தெரியாமல்
இரண்டு ட்ராமை விட்டேன்.