இரண்டு சாவிகள்

மைனஸ் இருபத்தேழு.
கடைக் கதவு திறக்கும்போதெல்லாம்
முதலில் ஒரு புகைமூட்டம் நுழைகிறது,
அதற்குப் பின்னால்தான் ஆள்.

ஔலு நகரில், துய்ரா பாலத்துக்கு இந்தப் பக்கம்,
மதியம் இரண்டரைக்கே விளக்குப் போட்டுவிட்டு
நானும் ஹெய்மோவும்
டயருக்கு ஆணி பதிக்கிறோம்.
ஒரு சக்கரத்துக்கு இருநூற்று நாற்பது.
எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.
ஹெய்மோ இன்னும் எண்ணுகிறான்,
நடுவில் யாராவது பேசினால் முறைக்கிறான்.

தபால்காரி ரௌனி வந்தாள்.
"நான் மிதிக்கிறேன், சக்கரம் கேட்கமாட்டேன் என்கிறது."
குளிரில் கிரீஸ் மெழுகாகிவிட்டது.
பல் பிடிக்காமல் பெடல் சும்மா சுற்றுகிறது.
மூன்று தெரு அப்படியே,
காற்றில் படியேறுகிறவள்போல் வந்திருக்கிறாள்.
மெல்லிய எண்ணெய் விட்டுச் சுழற்றினேன்.
டக். டக்டக்.
பல் பிடித்துக்கொண்டது.
இந்தச் சத்தத்துக்காகத்தான் இங்கே வேலை செய்கிறேன் என்று
சம்பள நாள் தவிர
மற்ற நாட்களில் சொல்லுவேன்.

பிறகு அவன்.
பச்சை சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு,
புருவமெல்லாம் உறைபனி.
பின்சக்கரத்தில் பூட்டு.
சாவி நுழைகிறது, திரும்பவில்லை.
"வெட்டிவிடு" என்றான்.

சைக்கிள் உன்னுடையதுதானா என்று கேட்டேன்.
யோசித்தான்.
இடது கைப்பிடியைக் காட்டினான்: பல் தடம்.
"எங்கள் நாய். ஹல்லா."
நாய் சாட்சி சொல்ல வராது என்றான் ஹெய்மோ,
நூற்றுப் பதினேழில் எண்ணிக்கையைத் தவறவிட்டு.

ஹீட்டர் ஓரம் சைக்கிளைச் சாய்த்தோம்.
ஏலக்காய் ரொட்டியில் பாதியைக் கொடுத்தேன்.
பெயர் ஒஸ்மோ, காகித ஆலையில் இரவு ஷிப்ட்.
அதற்குமேல் அவன் சொல்லவில்லை,
இந்த ஊரில் யாரும் கேட்பதுமில்லை.
பூட்டு வியர்த்தது.
சக்கரத்திலிருந்து பனியும் பொடிக்கல்லும் கழன்று
தரையில் ஒரு கருப்புக் குட்டை.
நாற்பது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினான்,
திறந்துகொண்டது, ஒன்றுமே நடக்காததுபோல்.
பணம் வேண்டாம் என்றேன்.
குட்டையைத் துடைத்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை ஒரு பெண்.
உள்ளங்கையில் சாவி, சிவப்பு நூல் கட்டியது.
"பச்சை சைக்கிள். நூலகத்துக்கு வெளியே பூட்டியிருந்தேன்.
இரண்டு நாளாகக் காணோம்.
கைப்பிடியில் நாய் கடித்திருக்கும்."

அந்தப் பூட்டை விற்றவள் நான்.
செப்டம்பரில்.
இரண்டு பேர் வந்திருந்தார்கள்,
கூடவே என் மேசைக்காலை ருசி பார்த்த ஒரு குட்டி நாய்.
உறைக்குள் இரண்டு சாவி.
ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று
எல்லாரிடமும் சொல்வதுபோல் சொன்னேன்.
சிரித்துக்கொண்டே பிரித்துக்கொண்டார்கள்.

திருட்டில்லை, ஒஸ்மோதான் என்றேன்.
அவள் கையுறையை மாட்டினாள், கழற்றினாள்.

"நாய் யாரிடம் இருக்கிறது?"
கேட்டது ஹெய்மோ.
எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.
வாடிக்கையாளரிடம் பேசி
மூன்று குளிர்காலம் ஆகிறது அவன்.

"என்னிடம்."
கொஞ்சம் நின்று,
"அப்படியானால் சரி" என்றாள்.
யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

மூலையில் தொங்கிய பழைய நீலத்தைக் கேட்டாள்.
அக்டோபரில் விட்டுப்போய் யாரும் திரும்பி வராதது;
மணி மட்டும் நன்றாக அடிக்கும்.
விலை சொன்னேன். பேரம் பேசவில்லை.
ஹெய்மோ தானாகவே
ஆணி டயர் இரண்டையும் எடுத்து மாட்டினான்,
முடித்து வைத்தது வேறு யாருக்கோ என்றாலும்.

சிவப்பு நூல் சாவியை
கல்லாப்பெட்டி ஓரம் வைத்துவிட்டு
ஒரு பூட்டும் வேண்டும் என்றாள்.
உறையைப் பிரித்தேன்.
வழக்கமான வாக்கியம்
நாக்கு நுனிவரை வந்து
அங்கேயே உறைந்து நின்றது.

பின்னால் ஹெய்மோ
புது டயரை மடியில் போட்டு
ஒன்று, இரண்டு என்று தொடங்கியிருந்தான்.