இருநூற்றுப் பதின்மூன்று

மாக்கோ நகராட்சி இடுகாட்டுப் பதிவேட்டில்
பதினோராயிரத்துச் சொச்சம் பெயர்கள்.
பழைய குறியேற்றத்திலிருந்து புதியதற்கு
வெள்ளிக்கிழமைக்குள் மாற்றித் தர வேண்டும்.
இறந்தவர்களுக்கு அவசரமில்லை,
டெண்டருக்கு இருக்கிறது.

என் நிரல் நாற்பது வரி.
ஒரு பைட்டை எடு, அட்டவணையில் பார்,
அதற்குரிய எழுத்தை வை, அடுத்ததற்குப் போ.
ஓடவிட்டுக் காப்பி போட எழுந்தேன்.
திரும்பியபோது
எல்லோரும் அக்கரை சேர்ந்திருந்தார்கள்,
ஒருத்தியைத் தவிர.

க்?ர்?ஷி வில்மா.

மெய்கள் கிடந்தன.
உயிர் இரண்டு போயிருந்தன.

எப்போதோ யாரோ
இவள் வரியை மட்டும் திறந்து
ஏழு பிட் அகலமே உள்ள ஒரு கதவு வழியே
இழுத்திருக்கிறார்கள்.
தொப்பி வைத்த எழுத்துகள் நிலையில் இடித்துக்கொண்டன.
குழம்பிய எழுத்தென்றால்
குழப்பியவன் போன வழியே பின்னால் நடந்து
நேராக்கிவிடலாம்.
கேள்விக்குறி அப்படியல்ல.
அது எதனுடைய மிச்சமும் இல்லை.
அறுபத்து மூன்று. அவ்வளவுதான்.

இரண்டாவது ஓட்டையை அடைத்துவிடலாம்,
எந்த வம்சமானாலும் அங்கே குறில்தான்.
முதலாவதுதான் வம்பு.
கொரொஷி என்றால் வடக்கே ஓடும் ஆற்றின் ஆட்கள்.
கோரொஷி என்றால் வேறு ஊர், வேறு வாசல்.
எங்கள் ஹங்கேரியனில்
தலையில் இரண்டு புள்ளி வைத்தால் குறில்,
இரண்டு சாய்கோடு கீறினால் நெடில்.
ஒரு மாத்திரைதான் வித்தியாசம்.

உறவினர் என்ற கட்டம் காலி.
தொழில்: வெங்காயக் கூட்டுறவுச் சங்கம், கணக்கு.
இரண்டு காசு உதைத்தால்
இரவு தங்கித் தேடுகிறவளாக இருந்திருப்பாள்.
நானாக நினைத்துக்கொண்டேன்.

"ஏதாவது ஒன்றைப் போடேன்,
யார் எழுந்து வந்து கேட்கப் போகிறார்கள்"
என்றாள் பிரோஷ்கா.
நியாயம்தான்.
பேருந்து ஏறிவிட்டேன்.

பதினேழாம் வரிசை.
இடுகாட்டுக் காவலர் போல்டிஜார்
துடைப்பத்தால் பனியைத் தள்ளினார்.
கருங்கல்லில் பெரிய எழுத்தில் பெயர்.
முதல் வட்டத்தின் தலையில்
புள்ளியும் இல்லை, கோடும் இல்லை.
ஓர் அலை.
போர்த்துகீசியர்களின் அலை.
கடலில்லாத எங்கள் மொழியில்
எந்தச் சொல்லிலும் அடிக்காத அலை.

"கல் வெட்டக் கம்ப்யூட்டர் வந்த புதுசு" என்றார்.
"தொண்ணூற்றைந்தில் செத்தவர்களில் பாதிப் பேர்
இப்படித்தான் தலை ஈரமாகக் கிடக்கிறார்கள்."

விரல் அந்தப் பள்ளத்தில் இருக்கும்போதே
மனசு அட்டவணையைப் புரட்டியது.
இருநூற்றுப் பதின்மூன்று.
எங்கள் அட்டவணையில் அந்த நாற்காலியில்
நெடில் உட்கார்ந்திருக்கிறது.
மேற்கத்தியர் அட்டவணையில் அதே நாற்காலியில் அலை.
குறிலுக்கு அடுத்த எண்.
அது இரண்டு வீட்டிலும் ஒன்றேதான்,
யார் கையிலும் உடையாது.
இதோ, இரண்டாவது வட்டத்தில்
இரண்டு புள்ளியும் சிந்தாமல் நிற்கிறதே.
அப்படியானால்
குறிலாக இருந்திருந்தால் கல் பிழைத்திருக்கும்.
பிழைத்திராததால்
நீ நெடில், வில்மா.

வாய்விட்டு ஒருமுறை சொன்னேன்.
கோ.
குளிரில் மூச்சு வெள்ளையாக நீண்டு
இரண்டு மாத்திரை நின்று கலைந்தது.
போல்டிஜார் வேறு பக்கம் பார்த்தார்.

கல்லைத் திருத்த மனு கொடுக்கலாமாம்,
எழுத்துக்கு எட்டாயிரம் ஃபோரிண்ட்.
வேண்டாம் என்றேன்.
அடுத்த முறை எவனாவது
பதிவேட்டைக் கதவில் இடித்தால்
இந்தத் தப்பு தேவைப்படும்.

பேருந்தில்தான் கவனித்தேன்,
இடது கையுறையைக்
கல்லின் மேலேயே விட்டுவந்திருக்கிறேன்.