நிகர எடை

இரவு ஒன்று நாற்பது.
காவேரிப்பட்டணம் சாலை, கூழ் ஆலை வாசல்.
பெங்களூரா ஏற்றிய வண்டிகள் பதினேழு
என் எடைமேடைக்காக நிற்கின்றன.

ஏற்றிய எடை. வெறும் வண்டி எடை.
ஒன்றில் ஒன்று போனால் நிகர எடை.
பி.எஸ்சி. வேதியியல் முடித்த எனக்கு
இரண்டு வருடமாக
இந்த ஒரு கழித்தல்தான் சோறு.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் மூன்று தாள்கள்,
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்து மாடி சென்டரில் கொடுத்தவை.
ஹார்டுவேர்: இரண்டு தேர்வு, இரண்டுக்கும் தனித்தனிப் பணம்.
நெட்வொர்க்: ஒரே தேர்வு, என் மூன்று மாதச் சம்பளம்.
கிளவுட்: விலை குறைவு.
"இனிமே எல்லாம் மேகத்துலதாம்மா" என்றார் சென்டர்காரர்.
மானாவாரிக்காரன் மகளிடம்
மேகத்தை நம்பச் சொல்கிறார்.

ஹசீனாவைக் கேட்டேன். ஓசூரில் ஹெல்ப்டெஸ்க்.
பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு
நாளெல்லாம் புதிது கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.
"எது உசத்தின்னு கேக்காத.
வேலை விளம்பரம் இருபது எடு.
எந்தப் பேரு நிறைய வருதுன்னு கோடு போட்டு எண்ணு."

எடைச்சீட்டின் முதுகில் எண்ணினேன்.
ஹார்டுவேர் ஆறு. கிளவுட் ஏழு. நெட்வொர்க் ஒன்பது.
இருபதிலும் தவறாமல் வந்தது வேறு:
'இரண்டு வருட அனுபவம் அவசியம்.'
புதியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்ற வரிக்கு
நேர் கீழே.

போன வாரம் ஒரு ராத்திரி
எண்கள் ஆபீசுக்குப் போகவில்லை.
மேடையில் வண்டி, திரையில் பூஜ்யம், வெளியே ஹாரன்.
சேலத்து மெக்கானிக் காலையில்தான் வருவாராம்.
பிரிண்டர் சரி. கம்ப்யூட்டர் சரி.
சுவர்ப் பெட்டியில் நான்காம் விளக்கு மட்டும் இருட்டு.
அங்கிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்,
செல்போன் வெளிச்சத்தில், டப்பா அடுக்கின் சந்துக்குள்.
கூழ் சிந்திய இடத்தில்
இனிப்பென்று நினைத்து எலி கடித்திருந்தது.

வாசல் கேமராவின் ஒயரைப் பிடுங்கி
எடைமேடைக்குக் கொடுத்தேன்.
விடியும்வரை வாசலைப் பார்க்க ஆளில்லை.
நாலு மாம்பழம் காணாமல் போனது.
தின்றவர்களில் நானும் ஒருத்தி.

"ஐ.டி. படிச்சியா?" என்றார் முதல் வண்டி திம்மராயன்.
"கெமிஸ்ட்ரி."
"சரி, சீட்டைக் குடு."

நெட்வொர்க் என்று முடிவெடுத்தது
அந்த எலியாலா, ஒன்பது கோட்டாலா,
தெரியவில்லை.
சீட்டை ஏழாம் மாதமே தள்ளி எடுத்தேன்.
ஐம்பதாயிரம். தள்ளு எட்டாயிரத்து ஐந்நூறு.
கழித்தல் என்னை விடுவதாயில்லை.

சான்றிதழ் மூன்று வருடத்தில் காலாவதியாகுமாம்.
எங்கள் கூழ் டப்பாவுக்கு இரண்டு.
பரவாயில்லை,
ஒரு வருடம் கூடுதலாகக் கெடாமல் இருப்பேன்.

இன்று விண்ணப்பம்.
முதல் பெயர்: கோகிலவாணி.
கடைசிப் பெயர் கட்டாயம் என்று சிவப்பாக எரிகிறது.
என்னிடம் இருப்பது ஓர் எழுத்து, முன்னால் நிற்பது.
அதை விரித்துப் பின்னால் நிறுத்தினேன்.
பெங்களூருத் தேர்வு மையத்தில் யாரோ
மிஸ் வேடியப்பன் என்று கூப்பிடப் போகிறார்கள்.
இந்நேரம் பன்றிக்குக் காவலாக
நிலக்கடலைக் காட்டில் படுத்திருக்கும் அப்பாவுக்கு
புரை ஏறினாலும் ஏறும்.

பணம் செலுத்து என்கிறது பொத்தான்.
பதினெட்டாவதாக ஒரு வண்டி வந்து ஏறுகிறது.
மேடை கொஞ்சம் அமுங்க
எண்கள் மேலும் கீழும் ஓடுகின்றன.
எண் நிலைத்த பிறகே அச்சிட வேண்டும்,
சுவரில் எழுதி ஒட்டியதே நான்தான்.

அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
இதை அழுத்திவிட்டேன்.