தலை விழுந்த வாரம்

வானொலி அதைச் சொன்னபோது
நான் ஒரு தலையின் பாதியில் இருந்தேன்.
இடப்பக்கம் மழித்தாயிற்று, வலப்பக்கம் காடு.
மெஷினை நிறுத்தினேன்.
எல்லைப் பாலத்தில் லாரி கழுவும் மொக்கெத்தி
துண்டோடு எழுந்து நின்றார்.
இருவரும் வானொலியையே பார்த்தோம்,
அதற்கு ஒரு முகம் இருப்பது போல.

அரசர் தூக்கத்திலேயே போனாராம்.
எண்பத்தொரு வயது.
"மீதி இப்போது வேண்டாம்" என்று
வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு
மொக்கெத்தி இறங்கிப் போனார்.

மாபுட்சோ பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
நீலக் கப்பல் பெட்டி ஒன்று, அதுதான் என் கடை.
கடலே இல்லாத நாட்டுக்கு
அது எப்படி வந்து சேர்ந்ததோ.
மறுநாள் விடியும் முன்பே வரிசை.
வீட்டில் சாவு விழுந்தால் மொட்டை, எங்கள் வழக்கம்.
அரசர் யார் வீட்டு மனிதர்?
யாரும் கேட்கவில்லை.
போர்வையை மடியில் சுருட்டிக்கொண்டு
ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.
தலைக்கு ஐந்து மலோட்டி.
நீட்டிய காசிலெல்லாம் அவர் தலை.

"என்ன அதிகாரம் இருந்தது அவருக்கு?"
என்றான் ட்ஸெக்கோ, வாத்தியார் வேலைக்குப் படிப்பவன்.
"மந்திரிகள் எழுதிக் கொடுத்ததை வாசித்தார்,
காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.
நாட்டுக்குத் தலை என்கிறீர்கள்,
ஆட்டுவதற்குத்தானே அந்தத் தலை?"
கத்தி அவன் உச்சியில் இருந்தது.
"நீ ஆட்டாதே" என்றேன்.

தொப்பியைக் கழற்றாமலே
பெஞ்சிலிருந்து மொக்கெத்தி சொன்னார்:
"ஆற்றுக்கு அந்தக் கரையில்
தலையை ஓட்டுப் பெட்டியிலிருந்து எடுக்கிறார்கள்.
அவர் செத்தால் பாதி ஊர் அழும்,
பாதி ஊர் பீர் வாங்கப் போகும்.
இவரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை,
அதனால் யாரும் தோற்கவில்லை."
"யாரும் ஜெயிக்கவும் இல்லையே" என்றான் பையன்.
மொக்கெத்தியிடம் பதில் இல்லை.
என்னிடமும் இல்லை,
காதோரம் கவனமாக இறங்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளம் வடிந்த வருடம் அவர் இங்கே வந்தது
எனக்கு ஞாபகம் வந்தது.
மந்திரிகள் பாலம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போன பிறகு வந்தார்.
தர அவரிடம் ஒன்றும் இல்லை.
சேற்றில் சப்பாத்து புதைய,
இடிந்த சுவர் ஒன்றை நெடுநேரம் பார்த்தார்.
பாலம் இன்னும் வரவில்லை.
அந்தச் சப்பாத்தை மட்டும் ஊர் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நியாக்கல்லோ வந்தாள்.
ஜீன்ஸ் தொழிற்சாலை, நாலாவது லைன், ஜிப் வைப்பவள்.
தலைத்துணியை அவிழ்த்தாள்.
"அரசருக்கா?"
"ம்."
முன்நெற்றி வெளுத்த பிறகு பேசினாள்.

"மார்ச்சில் என் தங்கை போனாள்.
லைன் நிற்கவில்லை.
அரை நாள் விட்டார்கள், அரை நாள் சம்பளம் பிடித்தார்கள்.
வெளிநாட்டிலிருந்து ஆள் பார்வையிட வருகிறான்,
தலையில் கை வைக்காதே என்றார்கள்.
நேற்று பத்து மணிக்குச் சங்கு ஊதியது.
ஆயிரம் மெஷின். ஒரு நிமிடம்.
அந்தத் தகரக் கூரையில் மழை பெய்தால் கேட்கும் என்று
ஆறு வருடமாக எனக்குத் தெரியாது.
அந்த நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டேன்.
எல்லாரும் அழுதார்கள்,
யாருக்கு என்று யார் கேட்கப் போகிறார்கள்?"

காசு வேண்டாம் என்றேன்.
முறைத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் பெருக்கினேன்.
நரை, கருப்பு, சுருள், எல்லாம் ஒரே சாக்கு.
அரசருக்கு எவ்வளவு, தங்கைக்கு எவ்வளவு,
கூட்டத்தோடு கூட்டமாக விழுந்தது எவ்வளவு,
சாக்குக்குத் தெரியாது.

புதியவரின் பெயரை வானொலி சொன்ன அன்று
மொக்கெத்தி வந்து உட்கார்ந்து
தொப்பியை எடுத்தார்.
இடப்பக்கம் அதற்குள் முளைத்திருந்தது.
"எங்கிருந்து ஆரம்பிக்க?" என்றேன்.