ஆனா

வெள்ளிங்கிரி கல்லை மேசைமேல் வைத்தான்.
ஒன்பது அங்குலம், சாம்பல் நிறம்.
பாய்லர் சாம்பல், கசடு, கொஞ்சம் சிமெண்டு,
மீதி நம்ம உப்பு.
"மிசின்ல வெச்சு நசுக்கியாச்சுங்க மேடம்.
சூளைக் கல்லைவிட ரெண்டு பங்கு தாங்குது."

தாளைப் பார்த்தேன். எண் சரிதான்.
முதலாளி சிரித்தார்.
உப்பைப் பார்த்து அவர் சிரித்து நான் கண்டதில்லை.
சாயத்தண்ணியைப் பிழிந்து பிழிந்து
நல்ல தண்ணியைச் சாயத்துக்கே திருப்பியபின்
மிஞ்சுகிற உப்பு அது.
கறிக்கு ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது.
மூன்று கொட்டகை நிறைந்து
நாலாவதுக்குக் கம்பி நட்டிருக்கிறது.

"ஆனா," என்றேன்.

"வந்துட்டாங்கய்யா ஆனா மேடம்!" என்றார் முதலாளி.
லேபில் எனக்கு அதுதான் பெயர்.
வருகைப் பதிவேட்டில்கூட யாரோ பென்சிலில்
ஒருநாள் எழுதி வைத்திருந்தார்கள்.

ஆனா, ஈரச்சாக்கு போர்த்தித்தானே
கல்லை ஏழு நாள் பதப்படுத்தினாய்?
அந்தச் சாக்கு எங்கே?

கொண்டுவந்தான்.
காய்ந்த சாக்கு பலகை போல்
தானாக நின்றது சுவரோரம்.
யாரும் பேசவில்லை. ஏசி மட்டும் சொட்டியது.

ஆனா, நாளைக்கு நாலு டன் உப்பு.
கல்லுக்கு முக்கால் கிலோ.
தினம் ஐயாயிரத்து முன்னூறு கல்லை
யார் வாங்குவார்?
"பல்லடத்துல கோழிப்பண்ணைக்காரன்
கேக்கறானுங்க, சுத்துச்சுவருக்கு."
கோழி கொத்தாதா?
வெள்ளிங்கிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
முதலாளிக்கு வரவில்லை.

உப்பு விற்கப் போனால் மழை என்பது பழமொழி.
எனக்கு அது பரிசோதனை முறை.
ஒரு கல்லை வீட்டுக்கு எடுத்துப்போய்
மொட்டைமாடியில், தொட்டிக்கு அருகில் வைத்தேன்.
ஐப்பசி. மூன்று ராத்திரி அடித்துப் பெய்தது.
இரண்டாம் ராத்திரி டார்ச்சோடு ஏறினேன்.
நனைந்துகொண்டு நின்ற என்னை
எதிர்வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.
நிற்கட்டுமே என்றுதான் நினைத்தேன் அப்போது.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

வெயில் வந்த நாளில் கல் பூத்திருந்தது.
மயிர்மயிராய், வெள்ளையாய்
உப்புப் பூ.
ஊதினால் பறந்தது.
ஒரு மூலை விரலோடு வந்தது.
எடை ஐந்தில் ஒரு பங்கு குறைவு;
அந்தப் பங்கு குழாய் வழியே இறங்கி
தெருச் சாக்கடை, ஓடை, நொய்யல் என்று
போகக்கூடாத வழியில் போயிருந்தது.

நிற்காது என்று எழுதினேன்.
எழுதும்போது பக்கத்தில் மகள்
ஒன்றாம் வகுப்பு நோட்டில்
அ போட்டு, "ஆனா" என்று
சத்தமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
படிப்பே அதில்தானே தொடங்குகிறது,
என்னை மட்டும் ஏன் கேலி செய்கிறார்கள்?

பதினோரு நாள் வெள்ளிங்கிரி லேப் பக்கம் வரவில்லை.
பாய்லரடியில் கண்டால் தலையைத் திருப்பினான்.

பன்னிரண்டாம் நாள்
செய்தித்தாளில் சுற்றி ஒரு கல்.
கருப்பு. பளபளவென்று. தார் வாசம்.
"முக்கி எடுத்தனுங்க. நாலு நாள் தண்ணிக்குள்ள கெடந்துச்சு,
தண்ணி கரிக்கலைங்க."
நான் வாயைத் திறக்குமுன் அவனே,
"ஆனாங்க மேடம்,
சித்திரை வெயிலுக்கு இது உருகுமுங்களே?"

தராசைத் துடைத்தேன்.
வை, என்றேன்.