ஆல்பேட்டை செக்போஸ்ட்

பாண்டியிலிருந்து வரும் காரில்
திறக்காத எதுவும் பாட்டில்தான்.
"தொறங்க," என்றார் ஏட்டு வாகீசன்.

டாஷ்போர்டு பெட்டி திறந்து வருஷக்கணக்காச்சு.
கடலூர் உப்புக்காற்று கொக்கியைத் தின்றிருந்தது.

லத்தி முனையை இடுக்கில் வைத்தார்.
"சார், இருங்க. ஒடைஞ்சா
இந்த மாடலுக்கு மூடி கெடைக்காது."
பின்னால் ஒரு மீன் வண்டி
ஹாரனை விட்டு கையை எடுக்கவேயில்லை.

நான் இழுக்கவில்லை.
இழுக்க இழுக்க அது இன்னும் கவ்வும்.
உள்ளங்கையால் மூடியை உள்ளே அழுத்தினேன்,
இன்னும் இறுக்கி மூடப்போகிறவன் மாதிரி.
காலாவதியான நூலக அட்டையை
மேல் விளிம்பில் நுழைத்து
ஓட்டினேன் மெதுவாக,
சங்கரா மீன் சோற்றில்
முள் தேடும் நாக்காக.

டக்.

பாட்டில்தான் இருந்தது.
அவர் முகம் மலர்ந்தது.
மூடியைத் திருகி முகர்ந்தார்.
ஓமவாசம்.
கிரைப் வாட்டர், பாதி.

"கொழந்தைக்கு எத்தனை மாசம்?"

"ரெண்டாங் கிளாஸ் படிக்கிறா சார்."

சிரிப்பை மீசைக்குள் தள்ளிவிட்டு
பாட்டிலை அதே இடத்தில் வைத்தார்.
"போங்க, போங்க" என்று
ஓங்கி அறைந்து மூடினார்.

கெடிலம் பாலம் தாண்டி
திறந்து பார்த்தேன்.

வரவில்லை.